ஒட்டகம் தண்ணீர் குடித்த நாள்

எய்யா கிங்ஸ்லி,

இந்தக் கடிதத்தை நீயேதான் வாசிக்க வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பது எனக்குத் தெரியாதா? சர்ச்சில் சங்கீதம் வாசிக்கச் சொன்னால் நாலு வசனத்துக்குள் சட்டை நனைந்துபோகிற ஆள் நீ. பரவாயில்லை, மெதுவாக வாசி. நீ கட்டப்போகிற ரூபியிடம் கொடுத்து "கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள், தெரியும். இதில் இருப்பதில் பாதி அவளுக்கும் தெரியும். மீதிப் பாதி உனக்கு மட்டும் எழுதுவது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. தாராவியில் நம் சந்தில் பாதி வீட்டுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. சொந்த மகனுக்கு ஒன்று எழுத இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு வருவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பதறாதே. 'இருந்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை வாசித்துப் பார். பெங்களூரில் பெண் வீட்டார் சர்ச்சும் ஹாலும் பிடித்துவிட்டார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொன்ன அன்றைக்கே நான் காரணம் தேட ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் தூரப் பயணம் கூடாது என்றுவிட்டார் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கடைசி நேரத்தில் சொன்னால்தான் நீ சண்டை போட அவகாசம் இருக்காது என்று திட்டமும் போட்டேன். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பை தைக்கத் தோல் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நமக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை. அவன் கல்யாணத்துல நீ இல்லாம நா மட்டும் போயி மரம் மாதிரி நிக்கவா?"

"டாக்டர் சொன்னார்னு மட்டும் நீங்க சொல்லுங்க, போதும்."

"நா சொல்ல மாட்டேன். பொய் ஒன்னோடது. நீயே சொல்லிக்கோ."

அதோடு கத்தியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சோறு வைக்கவா, வேண்டாமா என்பதற்கு மேல் பேச்சே இல்லை.

ஏன் வரமாட்டேன் என்றேன் தெரியுமா? கால் வலி காரணம் இல்லை. பெண் வீட்டுக்காரர்கள் என் காலைப் பார்ப்பார்களே என்ற வெட்கமும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், போலியோ காலை நான் என்ன கடையில் போய்ப் பொறுக்கி எடுத்தேனா? காரணம் வேறே. ஒரு தாய் மகனிடம் பேசுகிற பேச்சா இது என்று கூசிக்கூசியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. வெளியே போனால் என்னால் கக்கூஸ் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம். குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஈரத்தரையில் கம்பு வழுக்கும். சுவரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. யாராவது உள்ளே வந்து என்னைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு நான் செத்தே போவேன். அதனால் வெளியே போகிற நாள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவேன். டீ கிடையாது, கஞ்சி கிடையாது, மாத்திரை போட ஒரு மடக்குதான். வீடு திரும்புகிறவரை அப்படியே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

நீ மாட்டுங்காவில் படிக்கும்போது ஒரு ஆண்டு விழா நடந்ததே, மைதானத்தில் பந்தல் போட்டு? வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்து உன் வாட்டர் பாட்டிலை என்னிடம் நீட்டினாய். "எனக்குத் தாகமே எடுக்காதுல" என்றேன். நீ உடனே பக்கத்துப் பையனிடம் திரும்பி, "மேரி மம்மி ஊண்ட் ஹை" என்றாய். பெற்ற தாயை ஒட்டகம் என்று ஊருக்கே அறிவித்தாய். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஒட்டகம் டேங்க் ரொப்புது" என்று கைதட்டி ஆடினாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அதுதான் பேர். எங்கே போனாலும் உன் அப்பாவே முந்திக்கொண்டு, "நம்ம ஒட்டகத்துக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பேர் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் எழுதியாக வேண்டும். கல்யாணமான புதிதில், பழைய ரூமில், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த அந்த மூலை மோரியைத் தவிர நமக்கு வேறு போக்கிடம் கிடையாது. பொதுக் கக்கூஸ் சந்தின் கடைசியில், படி ஏறிப் போக வேண்டும். உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் தோல் வெட்டுகிற கத்தியாலேயே வட்டமாக வெட்டி எடுத்தார். ஓரம் தொடையில் குத்தக் கூடாது என்று சுற்றிலும் ஸ்பாஞ்சு வைத்து, பை தைத்து மிஞ்சிய ரெக்சினைப் போர்த்தித் தைத்தார். ஒர்க்ஷாப்பில் அவர் தைத்த எந்த லேடீஸ் பேக்கிலும் அவ்வளவு நேரான தையல் விழுந்ததில்லை. அதற்குச் சிம்மாசனம் என்று பேர். நீ அதன் ஓட்டைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியது உனக்கு ஞாபகம் இருக்காது. இப்போது பில்டிங்கில் வீடு கிடைத்து, நீ அனுப்பிய பணத்தில் கமோடும் சுவரில் கம்பியும் வைத்தாயிற்று. ஆனால் கம்பியையும் சிம்மாசனத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போக முடியாதே எய்யா.

நீ பட்டம் வாங்கிய விழாவுக்கு நான் வராததும் இதனால்தான். அவசரமாகப் பைகளுக்கு லைனிங் தைத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். "ஒனக்கு என்னைவிட மிஷின்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு நீ ரொம்ப நாள் பேசவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. வந்திருந்தால் அத்தனை பேர் நடுவில் நனைந்துபோய் உட்கார்ந்திருப்பேன், அதை உன்னால் தாங்கியிருக்க முடியாது. காரணத்தை மட்டும் தெரிந்துகொள். இந்தத் தடவை உன் கல்யாணத்துக்கும் அதே பயம், அதே பொய். நடுவில் அந்த ரூபி மட்டும் வராமல் இருந்திருந்தால் பொய்தான் ஜெயித்திருக்கும்.

அவள் ஆபீஸ் வேலையாக பம்பாய் வந்திருந்தாளே, அந்தச் சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றாள். "அத்தை, கிளம்புங்க. கிங்ஸ்லிக்கு கோட்டு எடுக்கணும், உங்களுக்கும் ஏதாவது எடுக்கலாம். அவுட்லெட் வில்லேஜ் போறோம்." பன்வேல் தாண்டி ரோட்டோரத்தில் கட்டியிருக்கிறார்கள், பெரிய கம்பெனிகளின் பழைய ஸ்டாக்கைக் குறைந்த விலைக்கு விற்கிற இடம். நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா என் கம்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். பேசாமல் இருந்த மனுஷன் அப்படிப் பழி தீர்த்துக்கொண்டார். நல்ல வேளை, முந்தின நாள் போனில் அவள் வருவதாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டி, ராத்திரியே தண்ணீரை நிறுத்தியிருந்தேன். காரில் சான்பாடா தாண்டும்போது அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எனக்குத் தாகம் எடுக்காதும்மா என்று நம் வீட்டுப் பாட்டையே பாடினேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டாள்.

அந்த வில்லேஜைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். வெளிநாட்டில் எங்கேயோ உள்ள கிராமமாம். சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி, நடுவில் மணிக்கூண்டு. ஒவ்வொரு வீடும் ஒரு கடை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியவில்லை. என் கால் அங்கேயே என்னைப் பார்த்து 'என்னால முடியாது தாயே' என்றுவிட்டது. வாசலில் வீல்சேர் சும்மாவே தருகிறார்கள் என்று ரூபி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்னைய என்ன நோயாளின்னு நெனச்சியா? இத்தனை வருஷமா இந்தக் காலை வச்சித்தான் ரேஷன் வாங்கினேன், பிள்ளை வளத்தேன்." அவள் எதிர்த்துப் பேசவில்லை. "சரி அத்தை, பையெல்லாம் இதுல வைப்போம். நீங்க நடங்க" என்றாள். இரண்டு கடை தாண்டுவதற்குள் பைக்குப் பதிலாக நானே அதில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டே நடக்கிற என் வலது கை சும்மா கிடந்தது. அதை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையால் கடை ஜன்னல்களைச் சுட்டிக் காட்ட ஆரம்பித்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது எவ்வளவு சுகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவரை தெருவில் தரையைத் தவிர வேறு எதைப் பார்த்திருக்கிறேன்?

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. அழகுக்கு என்று பாதை முழுக்கக் குண்டு குண்டாகக் கல் பதித்திருக்கிறார்கள், சக்கரம் போகிற போக்கில் பல் எல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. பாதிக் கடைக்கு வாசலில் ஒரு படி. கேட்டால் உள்ளே இருந்து ஒரு பலகையைத் தேடி எடுத்து வருகிறார்கள். உள்ளே போனால் துணி ஸ்டாண்டுகளுக்கு நடுவில் வண்டி திரும்ப இடம் இல்லை. ஒரு கடையில் விற்கிற பெண் என் தலைக்கு மேலே ரூபியைப் பார்த்து, "ஆண்ட்டிக்கு என்ன வேண்டும்?" என்று இந்தியில் கேட்டாள். "ஆண்ட்டி கே பாஸ் ஸுபான் ஹை, பேட்டி" என்றேன். ஆண்ட்டிக்கு நாக்கு இருக்கிறது மகளே என்றதும் அவள் முகம் சிவந்து, குனிந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். நல்ல பிள்ளைதான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. செருப்புக் கடையில் இன்னொரு கூத்து. என் இடது காலுக்கு ஒரு அளவு, வலது காலுக்கு அதைவிடச் சின்னது. ஜோடியைப் பிரிக்கவே கூடாது என்று அந்தப் பையன் ஒரே பிடியாக நின்றான். கல்யாணத்தில் போதகர் சொல்வதை இவன் செருப்புக்குச் சொல்கிறானே என்று நானும் ரூபியும் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. செருப்பு உன் அப்பாவே செய்யட்டும் என்று வந்துவிட்டோம்.

உன் கோட்டு எடுக்கிற கடையில்தான் வினை. எனக்கு எந்தத் துணியையும் உள்புறம் திருப்பி லைனிங் பார்க்காமல் வாங்க முடியாது. நாலு கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ஐந்தாவதுக்குச் சரி என்றேன். பில் போட பெரிய வரிசை. "நீங்க வெளிய நிழல்ல இருங்க அத்தை, வந்துர்றேன்" என்று என்னை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு ரூபி உள்ளே போனாள். என் போன் அவள் தோள்பையில். அப்போது ஆரம்பித்தது. தண்ணீரே குடிக்காவிட்டாலும் அந்தக் கல் பாதை குலுக்கிய குலுக்கலில் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கையால் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். ஏசப்பா, ஏசப்பா என்று சொல்லிப் பார்த்தேன். ரூபியைக் கூப்பிட வாய் வரவில்லை. நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் முதல் முதலாக இதையா கேட்பது? அந்த வண்டியிலேயே, அந்தக் கூட்டத்திலேயே நனைந்துவிட்டால்? அவள் உன்னிடம் சொல்வாளா, அவள் வீட்டில் சொல்வாளா? அந்த நிமிஷம் பெங்களூரும் இல்லை, கல்யாணமும் இல்லை, அந்தப் பொய்யை அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எதிரே பார்த்தால் சுவரில் ஒரு பலகை, வீல்சேர் படம், ஒரு அம்புக்குறி. அதற்கு முன்னால் நான் சக்கரத்தைத் தொட்டதே இல்லை. தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கைதானே என்று பிடித்துத் தள்ளினேன். வண்டி முதலில் என்னைப் பூந்தொட்டியில் கொண்டுபோய் மோதியது. பின்னால் இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளி, ஒருவழியாக அம்புக்குறி காட்டின இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அகலமான ஒரு கதவு. அதிலும் அதே படம். கதவு மூடியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே ஆள் இருக்கிறார்கள்!

நம் சந்துக் கக்கூஸ் உனக்குத் தெரியும். அங்கே ஆள் இல்லாத கதவு ஒருநாளும் மூடிக் கிடக்காது. தாழ்ப்பாள் உடைந்து 'ஆ'வென்று திறந்து தொங்கும். மூடியிருந்தால் உள்ளே ஆள் உண்டு, வெளியே நின்று தொண்டையைச் செருமிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நானும் மரியாதையாகச் செருமினேன். பதில் இல்லை. "யாரும்மா உள்ள? கொஞ்சம் சீக்கிரம்மா" என்றேன். இந்தியிலும் கேட்டேன். பாவம், என்னைப் போல முடியாதவளாக இருப்பாள், அவசரப்படுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தேன். அப்போது துடைப்பமும் வாளியுமாக ஒரு மராத்திப் பெண் வந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், கதவை ஒருமுறை பார்த்தாள்.

"கா பஸ்லா தாயி? காலி ஹை!"

ஏன் உட்கார்ந்திருக்கிறாய் அக்கா, காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். திறந்துகொண்டது. கையை எடுத்ததும் தானாகவே மூடிக்கொண்டது. கடவுளே, தானாக மூடிக்கொள்கிற கதவாம்! யாருமே இல்லாத கக்கூசுக்கு இவ்வளவு நேரம் காவல் இருந்தவள் உன் அம்மா. அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொள்ள, நான் வண்டியோடு உள்ளே போனேன்.

உள்ளே நம் பழைய ரூம் அளவுக்கு இடம். வண்டி முழுசாக ஒரு வட்டம் சுற்றியது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கமோடு சரியான உயரம், இரண்டு பக்கமும் கம்பி, ஒன்றை மேலே தூக்கிவிடலாம். கம்பியைப் பிடித்தேன், எழுந்தேன், திரும்பினேன், உட்கார்ந்தேன். ஒரு கை என்னைத் தொடவில்லை. எய்யா, அப்போது எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவேன்? உடம்பு லேசானது ஒருபக்கம். வீட்டுக்கு வெளியே, ஒரு பொது இடத்தில், யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் பயப்படாமல் நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. கை கழுவிவிட்டு, என் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, தலையைக்கூடச் சீவிக்கொண்டேன்.

வெளியே வந்தால் ரூபி. மரத்தடியில் என்னைக் காணாமல் கடை கடையாக ஓடியிருக்கிறாள். கோட்டுப் பை ஒரு கையில், ஓடக் கழற்றிய தன் செருப்பு ஒரு கையில், முகமெல்லாம் அழுது வீங்கிக் கிடக்கிறது. "எங்க போனீங்க அத்தை? எனக்கு உயிரே இல்ல. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினாள். உன் பொண்டாட்டி ஆகப்போகிறவள் என்னைத் திட்டிய முதல் திட்டு. எனக்கு ஏனோ கோபமே வரவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவள், கொஞ்சம் அமைதியானதும் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தை, காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே குடிக்கல. பாத்ரூமுக்குப் பயந்துதான?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நீ கேட்டதில்லை, உன் அப்பா கேட்டதில்லை, தண்ணீர் குடிக்காததால் நோவு வந்து சயான் ஆஸ்பத்திரியில் காட்டின டாக்டர்கூட, குடிக்கிறீர்களா என்று கேட்டாரே தவிர ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? காலேஜ் டூர்ல பஸ் ஏறினா பொண்ணுங்க நாங்க யாருமே குடிக்க மாட்டோம். பசங்க மட்டும் பாட்டில் பாட்டிலா குடிச்சிட்டு, நிறுத்தற இடத்துல எல்லாம் இறங்குவானுங்க. எனக்கு நல்ல கால் அத்தை, எனக்கே அப்படின்னா..." அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது. சிம்மாசனம், ஒட்டகம், நீ பட்டம் வாங்கிய விழா, டாக்டர் பொய் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று இருந்ததையும் சொன்னேன்.

அவள் அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துப் பெங்களூருக்குப் போட்டாள். "அப்பா, கல்யாண ஹால்ல கீழ பாத்ரூம் இருக்கா? கமோடு இருக்கா? கதவு எவ்ளோ அகலம்? தெரியலன்னா போய்ப் பாருங்க. இப்பவே. அத்தைக்கு." எனக்குத் தலையில் இடி விழுந்தது. சம்பந்தியிடம் இதையா பேசுவது? "ஏட்டி, வைடி போனை, என் மானத்தை வாங்காத!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் எழுந்து தள்ளி நின்று பேசினாள். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. போட்டோ. ஹால் வாட்ச்மேன் எடுத்திருப்பான் போல. கமோடு பக்கத்தில் உன் மாமனார், இஸ்திரி போட்ட சட்டையில், பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல விறைப்பாக, கையில் இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்து, பதிந்து அனுப்பிய அவர் குரல். "சம்பந்தியம்மா, வண்டி தாராளமா நுழையும். கம்பி மட்டும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அடிச்சிக் குடுக்கச் சொல்லிட்டேன். நீங்க எதைப் பத்தியும் கவலப்படாதீங்க."

எந்தச் சம்பந்தி எந்தச் சம்பந்திக்கு இப்படி ஒரு போட்டோ அனுப்பியிருப்பார்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மானம் போய்விடும் போய்விடும் என்று வாழ்நாளெல்லாம் பொத்திப் பொத்தி வைத்தது, கக்கூசில் நின்ற அந்த மனுஷனைப் பார்த்த பிறகு எங்கே போனதென்றே தெரியவில்லை. சிரித்து முடித்ததும் தொண்டை காய்ந்து கிடந்தது. ரூபி எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கி வந்தாள். முழு டம்ளரையும் குடித்தேன். அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீர். அப்புறம் ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. அன்றைக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்குள் இன்னும் இரண்டு தடவை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், அதில் ஒரு தடவை தேவையே இல்லை. அந்த மராத்திப் பெண் வாளியோடு நின்று கும்பிட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நாந்தான் முட்டாப்பய. நாற்காலி செஞ்சு குடுத்த எனக்கு, வெளிய போனா என்ன செய்வான்னு ஒருநாளும் தோணலியே" என்றார். கண் கலங்கியிருந்தது. "சரி விடுங்க, செருப்பு அளவெடுங்க" என்று காலை நீட்டினேன். இப்போது தினமும் அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்.

பிளைட்டில் டிக்கெட் போடு. ஏர்போர்ட்டில் வீல்சேருக்கு நீயே சொல்லிவிடு, இந்தத் தடவை நான் முறைக்க மாட்டேன். கல்யாண ஹாலில் நீ என்னைத் தள்ளக் கூடாது, மாப்பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறது. என்னோடு பேசும்போது மட்டும் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்று பேசு, எனக்கு உன் முகம் தெரிய வேண்டும். ரூபியைப் பற்றி உனக்கு நான் பெரிதாகப் புத்தி சொல்லப் போவதில்லை, ஒன்றே ஒன்று. எங்கேயாவது வெளியே போகும்போது அவள் தண்ணீர் வேண்டாம் என்றால், இவளுக்குத் தாகம் இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ பாட்டுக்குக் குடித்துவிடாதே. பேர் வைத்துச் சிரிக்காதே. முதலில் எழுந்து போய் அந்த இடத்தில் கக்கூஸ் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா. அப்புறம் பாட்டிலை நீட்டு. உன் அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் அன்பாகத்தான் இருந்தோம், இந்த ஒன்று மட்டும் எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

கல்யாணத்தன்று உங்கள் இரண்டு பேருக்கும் ஜூஸ் கொடுப்பார்கள். முதல் வரிசையில்தான் இருப்பேன், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு. எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொல். டம்ளர் பெரியதாக இருக்கட்டும்.

அம்மா